பகல் நித்திரை

நித்திரையை அளந்து ஊற்றுவது என் வேலை.
பால்போல் வெள்ளை, ஐம்பது மில்லி ஊசிக்குழல்.
மணிக்கு இத்தனை என்று பம்பில் எண் அடித்தால்
ஏஷ்லிமன் உறங்குவார்,
பக்கத்துக் கட்டிலில் பேக்கரிக்காரி உறங்குவாள்,
முந்தநாள்வரை தபால் வண்டி ஓட்டியவர்
தன் பெயரைச் சொல்லி முடிக்குமுன் உறங்குவார்.
ஓல்டன் நகரம் முழுவதற்கும் போதுமான நித்திரை
எங்கள் வார்டு அலமாரியில் இருக்கிறது,
எண்ணி, பூட்டி, கையெழுத்து வைத்து.

காலை ஏழரைக்கு வெளியே வருகிறேன்.
முகக்கவசம் கன்னத்தில் போட்ட கோடு
ஆரெ ஆற்றைத் தாண்டியும் அழியவில்லை.
மரப்பாலத்தில் எதிரே வந்தவர்
தூணோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.
மரியாதையா, பயமா,
கேட்கத் தெம்பில்லை.

ஷட்டரை இறக்கினால் இருட்டு.
சுவிஸ் இருட்டு, ஊசிமுனை வெளிச்சம் விடாது.
கண்ணை மூடியதும்
குளிர்சாதனப் பெட்டி பம்ப் போலக் கூவுகிறது.
அடுத்த அறையில் நிமலன் செருமினால்
அது இன்று எத்தனையாவது என்று எண்ணுகிறேன்.
குப்புறப் படுக்க முடியவில்லை.
ஓர் ஆளைக் குப்புறத் திருப்ப ஐந்து பேர் வேண்டும்.
குழாயைப் பிடித்துத் தலைமாட்டில் நிற்பவள்தான் எண்ண வேண்டும்.
மிலித்சா தன் மொழியில் எண்ணுவாள்:
யெதான், த்வா, த்ரி.
இங்கே நானே எண்ணி
நானே புரள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிடிபட்டது நித்திரை,
வாலை மட்டும் பிடித்திருந்தேன்.
பன்னிரண்டரைக்கு ஊரே கைதட்டியது.
பால்கனி பால்கனியாக,
சட்டி, அகப்பை, சைக்கிள் மணி.
எங்களுக்காம்.
இரவு உடுப்போடு எழும்பிப்போய்க் கதவைத் திறந்தேன்.
எதிர்மாடிக்காரர் என்னைக் கண்டு தலையாட்டினார்,
நீயும் தட்டு பிள்ளை என்பதுபோல.
வேறென்ன செய்ய.
தட்டினேன்.

ஆஸ்பத்திரி ஒரு படிவம் அனுப்பியது.
கடந்த இரண்டு கிழமையில்
எத்தனை நாட்கள் நித்திரை குழம்பியது?
இல்லை. சில நாட்கள். பாதிக்கு மேல். அநேகமாகத் தினமும்.
நாள் என்று எதைச் சொல்கிறார்கள்?
அது தெரியாமல் பேனையை மூடினேன்.
அடியில் ஒரு வெற்றுக் கட்டம்:
வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?
தபால்காரர் சொல்லாமல் விட்ட
பெயரின் மறுபாதியை அங்கே எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

கீழ்வீட்டு யானிக் ட்ரம்பெட் பழகுகிறவன், பதினொரு வயது.
அவன் தாய் எழுதிய சீட்டு எங்கள் தபால்பெட்டியில்:
நீங்கள் பகலில் உறங்க வேண்டும்,
அவன் இனி வாசிக்கமாட்டான்.
நல்ல சனம்.
அந்த அமைதியில்தான் எல்லாம் இன்னும் துலக்கமாகக் கேட்டது,
பம்ப், செருமல், மிலித்சாவின் த்ரி.

ஐந்தாம் நாள் படியிறங்கிப்போய் மணியடித்துவிட்டு
இரண்டு மீட்டர் தள்ளி நின்று சொன்னேன்:
அவனை வாசிக்கச் சொல்லுங்கோ.
எதை?
எதையாவது.

ஏணி ஏறுகிறான்.
ஆறாம் படியில் சறுக்குகிறான்.
காலால் எதையோ உதைக்கிறான்,
திரும்பவும் அடியிலிருந்து.
மேலே நான் காத்திருக்கிறேன்.
இரவு முழுக்க இதுதானே என் உத்தியோகம்,
அடுத்த மூச்சுக்கு, திரையில் அடுத்த எண்ணுக்கு.
ஆனால் இந்தச் சுரம் வராமல் போனால்
யாருடைய வீட்டுக்கும் நான் போன் எடுக்கத் தேவையில்லை.
நாலு.
ஐந்து.
இந்தா வருகிறது ஆறு

வந்ததோ தெரியாது.
முழிப்பு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி,
ஷிஃப்டுக்கு இன்னும் நேரமிருந்தது.
குப்புறக் கிடந்தேன்.